முற்றத்து விளையாட்டும் மூடிய கண்களும்

விளையாட்டைப் பழித்து ஒதுக்குவது நம் மரபன்று. உவகை என்னும் மெய்ப்பாடு தோன்றும் நிலைக்களன்களை நான்கென வகுத்த தொல்காப்பியர், செல்வம், அறிவு ஆகியவற்றோடு ஒருங்கே விளையாட்டையும் வைத்து எண்ணினார். இஸ்லாமிய வரலாறும் இதற்கு மாறாகப் பேசவில்லை. பெருநாள் ஒன்றில் மதீனாப் பள்ளிவாசலில் அபிசீனிய நாட்டார் ஈட்டியும் கேடயமும் ஏந்தி விளையாடியபோது, நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அதனைத் தடுக்கவில்லை. அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அவ்விளையாட்டைக் கண்டு மகிழவும் துணைநின்றார்கள் என்பதை ஹதீஸ் நூல்கள் வாயிலாக அறிகிறோம். ஆதலின், வீட்டில் ஓர் இளைஞன் விளையாட்டுக் கருவி வேண்டுமென்று கேட்டால், 'விளையாட்டா, வேண்டாம்' என்று ஒரே சொல்லில் முடித்துவிடுதல் பெற்றோர்க்கு அழகன்று. எண்ணிப் பார்த்து விடை சொல்வதே கடமை.

அத்தகைய கடமை அண்மையில் எனக்கு வாய்த்தது. கணினி அறிவியல் இரண்டாம் ஆண்டு பயிலும் என் இளைய மகன், வி.ஆர். ஹெட்செட் எனப்படும் மெய்நிகர்க் காட்சிக் கருவி ஒன்றை வாங்க விரும்பினான். தெருப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்து ஈட்டியதும், உறவினர் பெருநாள் காசாகத் தந்ததுமாக 18,000 ரூபாய் அவனிடம் சேர்ந்திருந்தது. கடைக்காரர் சொன்ன விலையோ 32,000 ரூபாய். எஞ்சியதை நான் தரவேண்டும் என்பது அவனது வேண்டுகோள். ஒரு வாரம் தவணை கேட்டேன். பாடம் நடத்தும் முன் படித்துக்கொள்வது ஆசிரியர் வழக்கம். தீர்ப்புச் சொல்லும் முன்னும் அதுவே முறை எனக் கருதினேன்.

படிக்கப் படிக்க, இக்கருவியின் வேர் நெடுந்தொலைவு செல்வதைக் கண்டேன். பஸராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த அறிஞர் இப்னு அல்-ஹைஸம், 11-ஆம் நூற்றாண்டில் 'கிதாபுல் மனாஸிர்' என்னும் ஒளியியல் நூலை இயற்றினார். கண்ணிலிருந்து கதிர் புறப்பட்டுப் பொருளைத் தொடுவதால் பார்வை நிகழ்கிறது என்ற பழங்கொள்கையை மறுத்து, பொருளிலிருந்து வரும் ஒளி கண்ணை அடைவதாலேயே காண்கிறோம் என நிறுவியவர் அவர். இரு கண்கள் பெறும் இரு காட்சிகள் எங்ஙனம் ஒன்றாகின்றன என்றும், காணும்போது அறிவு எங்ஙனம் பிழைபடுகிறது என்றும் அவர் ஆராய்ந்தார். 1838-இல் இங்கிலாந்தின் சார்லஸ் வீட்ஸ்டன், சற்றே வேறுபட்ட இரு படங்களை இரு கண்களுக்கும் தனித்தனியே காட்டினால் தட்டையான தாளும் ஆழமுடைய காட்சியாகத் தோன்றும் என்பதைக் கருவி அமைத்து மெய்ப்பித்தார். 1968-இல் அமெரிக்காவின் ஐவன் சதர்லண்ட் கணினிப் படங்களைக் காட்டும் தலையணியை உருவாக்கினார். அது தலை தாங்கமாட்டாத பளுவுடையது. ஆகவே கூரையிலிருந்து தொங்கவிட்டிருந்தனர். 2012-இல் ஆக்குலஸ் நிறுவனம் பொதுமக்களிடம் நிதி திரட்டி இதனை விளையாட்டுக் கருவியாக்க முற்பட்டது. 2014-இல் ஃபேஸ்புக் அந்நிறுவனத்தை ஏறத்தாழ 200 கோடி டாலருக்கு வாங்கியது. கூரையில் தொங்கிய கருவி இன்று அரைக் கிலோ அளவில் முகத்தில் அமர்கிறது.

நூலறிவு போதாது, பட்டறிவும் வேண்டும் என்று மகனுடன் சென்னை சென்று, ஒரு வணிக வளாகத்தின் விளையாட்டுக் கூடத்தில் கட்டணம் செலுத்தி நானும் அணிந்து பார்த்தேன். வானளாவிய கட்டடத்தின் உச்சியிலிருந்து நீண்ட ஒரு மரப்பலகையின் மேல் நடக்கவேண்டும் என்பது விளையாட்டு. என் காலடியில் இருப்பது சமதரை என்பதை நான் அறிவேன். ஆயினும் கால் எழவில்லை. உள்ளங்கை வியர்த்தது. அறிந்ததை நம்பாமல் கண்டதை நம்பும் உடலின் இயல்பை அன்று நேரில் உணர்ந்தேன். இப்னு அல்-ஹைஸம் அக்கருவியை அணிந்திருந்தால் எத்துணை மகிழ்ந்திருப்பார் என்றும் எண்ணினேன். இதைப் படைத்தவர்களின் அறிவுத்திறனை வியக்காமல் இருக்க முடியவில்லை.

கழற்றிய பின்னர்ச் சிறிது நேரம் தலை சுற்றியது. அதற்கும் காரணம் உண்டு. ஆடுகிறோம், ஓடுகிறோம் என்று கண் சொல்லும். அசையவில்லை என்று உட்செவியின் சமநிலை உறுப்புச் சொல்லும். இரண்டின் பூசலில் குமட்டல் பிறக்கும். மேலும், காட்சியில் உள்ள பொருள் அருகே வரினும் தொலைவில் செல்லினும், கண்வில்லை ஒரே தொலைவிற்கே குவிந்திருக்க வேண்டியுள்ளது. கண்கள் உள்நோக்கித் திரும்புவதும் வில்லை குவிவதும் இயற்கையில் இணைந்து நிகழ்வன. இங்கு அவை பிரிகின்றன. பலர்க்கு ஏற்படும் கண் களைப்பிற்கு இது முக்கியக் காரணமாகும். குவெஸ்ட் கருவியைச் செய்யும் மெட்டா நிறுவனம் முன்னர் 13 வயது என வைத்திருந்த வரம்பை 2023-இல், பெற்றோர் மேற்பார்வையோடு 10 வயது எனத் தளர்த்தியது. வரம்பு தளர்ந்தாலும், வரம்பு ஒன்று தேவைப்படுகிறது என்பதை நாம் மறத்தலாகாது.

அடுத்து, பொருள் பற்றிய வினா. மார்க்க அறிஞர்கள் மனிதன் நாடுவனவற்றை இன்றியமையாதவை, இடர் நீக்குபவை, அழகு சேர்ப்பவை என மூவகைப்படுத்துவர். விளையாட்டுக் கருவி எவ்வகையில் நீட்டி அளந்தாலும் முதலிரண்டில் அடங்காது. மூன்றாம் வகை விலக்கப்பட்டதன்று. ஆயினும் 'இஸ்ராஃப்' என்னும் வீண்விரயத்தின் வாசல் அங்குதான் இருக்கிறது. ஓடும் ஆற்றங்கரையில் அமர்ந்து ஒளுச் செய்யினும் நீரை விரயம் செய்யலாகாது என்று பயிற்றப்பட்டவர்கள் நாம். குவெஸ்ட் 3எஸ் 2024-இல் வெளிவந்தபோது அமெரிக்காவில் அதன் தொடக்க விலை 299.99 டாலர், ஆப்பிள் நிறுவனத்தின் விஷன் புரோ அதே ஆண்டில் 3,499 டாலருக்கு வந்தது. கருவியின் விலையோடு செலவு முடிவதில்லை. விளையாட்டுகள் பலவற்றைத் தனியே விலைகொடுத்து வாங்கவேண்டும். ஆயுளும் குறைவு. 2018-இல் வந்த ஆக்குலஸ் கோ கருவியின் விற்பனை 2020-இலேயே நின்றது. 2019-இல் வந்த முதல் குவெஸ்டுக்குப் புதிய வசதிகள் இனி இல்லையென 2023-இல் அறிவித்தனர். என் தந்தையார் வாங்கிய கேரம் பலகை இன்றும் எங்கள் வீட்டில் ஆடப்படுகிறது.

என் தயக்கத்தை உணர்ந்த மகன் புதியதொரு வாதத்தை முன்வைத்தான். "வாப்பா, ஹஜ்ஜுக்குப் போக உடல்நிலை இடங்கொடாத பாட்டியாருக்கு இதில் கஅபாவைக் காட்டலாமே" என்றான். உண்மைதான். 2021 டிசம்பரில் சவூதி அரேபியாவிலேயே ஹஜருல் அஸ்வத் கல்லை மெய்நிகராகக் காட்டும் திட்டம் தொடங்கப்பட்டது. அது குறித்து எழுந்த விவாதத்தில், இத்தகைய காட்சி ஹஜ் ஆகாது என்று துருக்கியின் சமய விவகாரத் துறை 2022-இல் தெளிவுபடுத்தியது. காட்சி வேறு, கடமை வேறு. எனினும் என்னை உறுத்தியது அதுவன்று. அவன் கேட்டது விளையாடுவதற்கு, காட்டியது கஅபாவை. "விளையாட்டை விளையாட்டு என்றே சொல்லிக் கேள், அதில் இழிவில்லை, அதற்கு இபாதத்தின் ஆடையைப் போர்த்தாதே" என்றேன். தலைகுனிந்து, "சரி வாப்பா, விளையாடத்தான் கேட்கிறேன்" என்றான். அந்த நேர்மை அவன் வழக்கை வலுப்படுத்தியது.

இவ்வுரையாடலை ஊஞ்சலில் அமர்ந்து கேட்டுக்கொண்டிருந்த என் தாயார் பேரனை நோக்கி ஒன்றே ஒன்று கேட்டார்: "அதைப் போட்டுக்கொண்டால், நான் கூப்பிட்டால் உனக்குக் கேட்குமா, வாப்பா?"

நான் ஒரு வாரம் படித்தவற்றுள் இல்லாத வினா அது. மதீனாப் பள்ளியின் விளையாட்டில் ஆடியவரைப் பிறர் கண்டனர். ஆடியவரும் பிறரைக் கண்டனர். எங்கள் கேரம் பலகையைச் சுற்றி நால்வர் ஆடினால் நால்வர் நிற்பர். தோற்றவன் முகத்தை வென்றவன் பார்ப்பான். ஆட்டத்தின் பாதிச் சுவை அதில்தான். இக்கருவியோ கண்ணையும் செவியையும் தன்வயப்படுத்தி, ஒரே கூடத்தில் இருப்பவனை ஒரு கடலுக்கு அப்பால் கொண்டுபோய் நிறுத்துகிறது. அயல்நாட்டு நண்பனோடு அவன் கூடி விளையாடலாம். ஆனால் எட்டடித் தொலைவில் தண்ணீர் கேட்கும் பாட்டியாரை அறியமாட்டான். பணத்தையும் கண்ணையும் காட்டிலும் நான் எண்ணவேண்டியிருந்தது இதனையே.

ஆகவே என் முடிவைப் பின்வருமாறு சொன்னேன். வாங்குவதை நான் தடுக்கவில்லை. எனினும் எஞ்சிய 14,000 ரூபாயை நான் தரப்போவதுமில்லை. இன்றியமையாதவற்றிற்குத் தந்தையின் பை திறக்கும். விருப்பத்திற்கு அவரவர் வியர்வையே விலையாதல் வேண்டும். கருவி அவன் அறையில் இராது, கூடத்தில்தான் இருக்கும். அவன் காணும் காட்சியைத் தொலைக்காட்சித் திரையில் வீட்டார் அனைவரும் காணும்படி செலுத்தும் வசதி அதில் உண்டு. ஆடும்போதெல்லாம் அவ்வாறு செய்தல் வேண்டும். செவியை அடைக்கும் ஒலிபெருக்கி கூடாது. அரைமணிக்கு ஒருமுறை கழற்றவேண்டும். பாங்கோசை கேட்டால் உடனே கழற்றவேண்டும். விடுமுறைக்கு வரும் என் மகளின் பிள்ளைகள் இருவரும் பத்து வயது நிரம்பாதவர்கள். அவர்கள் கையில் அது சேரக்கூடாது.

அனைத்திற்கும் உடன்பட்ட மகன் தன் பங்கிற்கு ஒரு நிபந்தனை வைத்தான்: வாரம் ஒருமுறையேனும் நானும் அவனோடு விளையாட வேண்டும். இசைக்கேற்பப் பறந்துவரும் கட்டங்களை இரு வாள்களால் வெட்டும் பீட் சேபர் என்னும் விளையாட்டு, என் வயதினருக்கு நல்ல உடற்பயிற்சியாகும் என்றான். இசைந்தேன். இதை எழுதும் நாளில் கருவி இன்னும் எங்கள் வீட்டிற்கு வரவில்லை. கணக்குப் பாடம் கேட்க மேலும் மூன்று பிள்ளைகள் வரத் தொடங்கியுள்ளனர்.

மாணவச் செல்வங்களுக்கு ஒன்று கூறுவேன்: புதியதொன்றை விரும்புவது குற்றமன்று, உங்கள் விருப்பத்தை அதன் உண்மைப் பெயரால் சொல்லிக் கேளுங்கள். பெரியோர்களை வேண்டிக்கொள்வது இது: கருவி வீட்டிற்குள் வருவதா என்று கேட்பதோடு நில்லாது, வந்தால் எந்த அறையில் அமரும், எவர் அழைத்தால் கழற்றப்படும் என்றும் கேளுங்கள். அவ்வினாக்களுக்கு விடை கிடைத்துவிட்டால், வாங்கலாமா வேண்டாமா என்பது இன்ஷா அல்லாஹ் தானே தெளிவாகிவிடும்.