வெள்ளிக்கிழமை நண்பர்கள்

எனக்கு வயது இருபது. என் நண்பர்கள் இருவருக்கோ எழுபதுக்கு மேல்! மாலை வேளைகளில் கடற்கரைச் சாலையில், காந்தி சிலையருகே அமர்ந்திருப்பார்கள். ஒருவர் பிரெஞ்சு இராணுவத்தில் இருந்து ஓய்வுபெற்ற ‘சொல்தா’. மற்றவர் பஞ்சாலைத் தொழிலாளி.

சென்னைத் தொலைக்காட்சி 1975 ஆகஸ்டு 15-இல் தொடங்கியது. பின்னாளில், வெள்ளிக்கிழமை ‘ஒளியும் ஒலியும்’ என்றால் தெருவே சொல்தா தாத்தா வீட்டில்தானாம். “அது பொற்காலம்டா!” என்பார். “உள்ளே உட்கார்ந்தவருக்குச் சரி, நான் சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டல்லவா நின்றேன்!” என்பார் மற்றவர். எனக்கு இவர் பேச்சே பிடிக்கும்.

சொல்தா தாத்தாவிடம் புகைப்பட ஆல்பமும் உண்டு. கறுப்பு வெள்ளைப் படங்கள் இன்றும் பளிச்சென்றிருக்க, பின்னால் எடுத்த வண்ணப் படங்கள் சிவந்துபோய்விட்டன. முன்னதில் இருப்பது வெள்ளித் துகள். பின்னதில் வெறும் சாயம். (வேதியியல் மாணவன் சும்மா இருப்பேனா?) பழைய ஸ்டூடியோப் படங்களை, 1955-இல் தோன்றிய நம்மூர் பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் தேடிச் சேமித்திருக்கிறது. நல்ல பணி. ஆனால் ஸ்டூடியோப் படியையே மிதிக்காதவர்கள்?

என் தாத்தா அப்படிப்பட்டவர். அவர் முகத்தை நான் கண்டதில்லை. அவரும் அதே ஆலையில்தான் உழைத்தார். ஒருநாள் ஆலைத் தாத்தா தொழிற்சங்கப் படமொன்றைக் கொண்டுவந்தார். கடைசி வரிசையில் கடுகளவு முகம். “இதுதான் உன் தாத்தா!”

கைப்பேசியில் எடுத்துப் பெரிதாக்கினேன். புள்ளி புள்ளியாகத்தான் தெரிந்தது. ஆயா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தாள்.

“மூஞ்சி தெரியல. நிக்கிற நிலை அவருதான்,” என்றாள்.