மாத்திரைக்கும் பெரட்டுக்கும் நடுவே

பசறைப் பக்கத் தோட்டமொன்றில் சீனி வருத்தக்காரருக்கான கிளினிக். வயதான அம்மா ஒருவரின் பாதத்தைக் கையில் ஏந்தி, நைலோன் இழையால் விரலடி, குதிகால் என்று தொட்டுக்கொண்டே போகிறார் தாதி. "தெரியுதாம்மா?" கண்ணை மூடியிருந்த அம்மாவிடமிருந்து சில இடங்களில் பதில் வரவில்லை.

அந்த இழை வளையும்போது தோலில் 10 கிராம் அழுத்தம் விழும். அதை உணராத பாதம், முள் ஏறினாலும் சொல்லாது. இரத்தத்தில் சீனி பல வருடம் கூடி நின்றால் நரம்புகள் இப்படி உணர்விழக்கும். கொழுந்து மலையிலோ கவ்வாத்து வெட்டிய கூர்க்குச்சிகளும், அட்டை கடித்த புண்களும், ஈர மண்ணும் அன்றாடம். கவனியாத சிறு காயம் காலையே எடுக்கும் நிலைவரை போகலாம்.

"ராவைக்கு வெளிச்சத்துல உள்ளங்காலைப் பாருங்க. ஒங்களுக்குத் தெரியாட்டி பேரப்புள்ளையப் பார்க்கச் சொல்லுங்க. குளிருதுன்னு அடுப்புக்கிட்ட காலை நீட்டாதீங்கம்மா, சுட்டாலும் ஒங்களுக்குத் தெரியாது" என்றார் தாதி. ஊவா மலைக்குளிரில் லயத்து அடுப்படிதான் எல்லோரும் ஒதுங்கும் இடம் என்பது அவருக்குத் தெரியும்.

அடுத்து வந்த பெண் மாத்திரையை நிறுத்தியிருந்தார். "மலையில தலை சுத்துது மிஸ்ஸி." தாதி கடிந்துகொள்ளவில்லை. எத்தனை மணிக்கு எழும்புகிறார், எப்போது மாத்திரை, எப்போது ரொட்டி என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். விடியலில் பிள்ளைகளுக்குச் சமைத்து, வெறும் வயிற்றில் மாத்திரையை விழுங்கிவிட்டுப் பெரட்டுக்கு, அதாவது காலை ஆள்கணக்கெடுப்புக்கு, ஓடுகிறார். கட்டிய ரொட்டி தேத்தண்ணி நேரத்தில்தான் வயிற்றுக்குள் போகிறது. சில வகை மாத்திரைகள் இன்சுலினைக் கூடுதலாகச் சுரக்க வைக்கும். அந்த நேரம் சாப்பாடு இல்லையென்றால் சீனி மட்டம் சட்டென இறங்கும். வியர்க்கும், கை நடுங்கும். சரிவில் கூடையோடு நிற்பவருக்கு அது உயிர் ஆபத்து.

தாதி சொன்னது இரண்டு விஷயம். சாப்பிட உட்காரும்போதே மாத்திரை. மடியில் எப்போதும் கொஞ்சம் சீனிப் பொட்டலம். "சீனியே ஆகாதுன்னுதானே சொன்னீங்க?" என்று அந்தப் பெண் திகைத்தார். தேத்தண்ணியில் தினமும் போடும் சீனி வேறு, நடுக்கம் வரும்போது வாயில் போடும் சீனி வேறு என்று அவருக்கு விளங்கும்வரை பொறுமையாகச் சொன்னார். பிறகு அவரையே திருப்பிச் சொல்லச் சொல்லிக் கேட்டார். நேரமாற்றத்தை வைத்தியரிடம் காட்டக் கிளினிக் கொப்பியிலும் எழுதினார்.

சாப்பாட்டைப் பற்றியும் இதே நிதானம். தோட்டங்களில் அரிசியும் கோதுமை மாவும் சம்பளக் கணக்கில் கொடுத்த காலத்திலிருந்து ரொட்டி நிலைத்துவிட்டது. அதை விடச் சொல்வதில் பயனில்லை. ஒரு ரொட்டியைக் குறைத்து, பருப்பையும் கீரையையும் கூட்டச் சொன்னார். சோடா போத்தல்களில் 2016 முதல் கட்டாயமான நிறக் குறியையும் காட்டினார்: 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் சிவப்பு. எழுத்துத் தெரியாதவருக்கும் அது புரியும்.

2005-06இல் நடந்த ஓர் ஆய்வே இலங்கையின் வளர்ந்தோரில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு இந்த வருத்தம் இருப்பதைக் காட்டியது. இலங்கை மருத்துவச் சங்கத்தின் நிரோகி லங்கா திட்டம் தாதியரை நீரிழிவுக் கல்வியாளராகப் பயிற்றுவித்தது. அந்தப் பயிற்சி தோட்டத்து மக்களுக்குப் பயன்பட இன்னும் சில வேண்டும். கிளினிக்குக்கு வந்தால் அன்றைய பேர், அதாவது நாட்சம்பளம், போய்விடும். 2024இல் அடிப்படை நாட்சம்பளம் 1350 ரூபாவாக நிர்ணயமான பிறகும் அந்த இழப்பைத் தாங்கும் வீடு குறைவு. வேலை முடிந்த பின் கிளினிக் நடக்கவேண்டும். தமிழில் பேசும் தாதியர் தோட்டங்களுக்கு வேண்டும். ஒருவரோடு பேசச் செலவாகும் அரை மணியையும் சிகிச்சையாகவே கணக்கில் எடுக்கவேண்டும். மருந்தை இலவசமாகக் கொடுக்கும் நாடு, அதை எப்படி உட்கொள்வதென்று நோயாளியின் மொழியில், அவர் வேலைநாளுக்கேற்பச் சொல்லிக் கொடுக்கவும் கடமைப்பட்டது.