மணல் மூடிய தனுஷ்கோடி

இராமேசுவரத்திலிருந்து தென்கிழக்கே ஏறத்தாழ 20 கிலோமீட்டர். போகப் போக நிலம் மெலிந்துகொண்டே வருகிறது. இடப்புறம் அலையடங்கிய வங்கக் கடல். வலப்புறம் ஓயாது முழங்கும் மன்னார் வளைகுடா. முன்னதைப் பெண் கடல் என்றும் பின்னதை ஆண் கடல் என்றும் அழைப்பது இப்பகுதி வழக்கு.

விபீஷணனின் வேண்டுகோளை ஏற்று, இராமபிரான் தம் வில்லின் நுனியால் சேதுவை உடைத்த இடம் இது என்பது ஐதிகம். ஊர்ப் பெயரும் அதனாலேயே அமைந்தது. காசி யாத்திரை மேற்கொள்வோர் இங்கு நீராடி, சேது மணலைப் பிரயாகையில் சேர்த்து, கங்கை நீரோடு திரும்பி இராமநாதருக்கு அபிஷேகம் செய்விப்பர்.

1914-இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்ட பின் இது துறைமுக நகரமாகவும் வளர்ந்தது. எழும்பூரிலிருந்து போட் மெயிலில் வந்து இறங்குவோர், இங்கிருந்து நீராவிக் கப்பலில் தலைமன்னார் சென்றனர்.

1964 டிசம்பர் 22 அன்று இரவு அடித்த புயலில் அத்தனையும் போயிற்று. பாம்பனிலிருந்து வந்துகொண்டிருந்த பயணிகள் ரயில், ஊரை நெருங்கிய வேளையில் பேரலையில் சிக்கியது. அதிலிருந்த நூற்றுக்கும் மேற்பட்டோரில் ஒருவரும் பிழைக்கவில்லை. ஊரிலும் உயிரிழப்பு மிகுதி. பின்னர் அரசு இதனை வாழத் தகுதியற்ற இடமாக அறிவித்தது.

இன்று எஞ்சியிருப்பவை ரயில் நிலையத்தின் சுவர்கள், தண்ணீர்த் தொட்டி, கூரையிழந்த தேவாலயம் முதலியன. தேவாலயச் சுவர்களை அருகில் சென்று நோக்கினால் அவை பவளப் பாறைகளால் எழுப்பப்பட்டவை என்பது புலனாகும். சுண்ணாம்புப் பூச்சு உதிர்ந்த இடங்களில் பவளத்தின் நெளிகோடுகள் தெரிகின்றன. காலைச் சாய்வெயிலில் படமெடுப்போர்க்கு இதைவிடச் சிறந்த காட்சி இங்கில்லை. ஆனால் வருவோரில் பலர் இவற்றுக்கு முதுகைக் காட்டி நின்று, தம் முகங்களையே படம் பிடித்துக்கொண்டு அடுத்த தீர்த்தத்திற்கு விரைகின்றனர். சிலர் இடிந்த சுவர்மீது ஏறியும் நிற்கின்றனர். எத்தனையோ பேர் ஒரே இரவில் மாண்ட ஊரில் இது தகாது.

ஊர் முற்றிலும் ஆளற்றுப் போய்விடவும் இல்லை. மீனவக் குடும்பங்கள் சில ஓலைக் குடிசைகளில் வாழ்கின்றன. இருபுறமும் உப்புக் கடல் சூழ்ந்திருக்க, மணலைச் சில அடி தோண்டினால் ஊறும் நல்ல நீரே அவர்களுக்குக் குடிநீர்.

2017-இல் சாலை திறக்கப்பட்டது. அதற்கு முன் மணலில் வேனிலோ கால்நடையாகவோ வரவேண்டியிருந்த இடம் இது. இப்போது முதியவர்களும் அரிச்சல்முனைவரை எளிதில் வந்து பித்ரு காரியம் செய்கின்றனர். தர்ப்பணத்தின் நிறைவில், நீர் வார்க்க எவருமற்றவர்களுக்காகவும் ஒருமுறை எள்ளும் நீரும் விடும் முறை உண்டு. குடும்பம் குடும்பமாகக் கடல் கொண்டுபோன இவ்வூரில், அந்த ஒரு கை நீரை அவசரமின்றி விடலாம்.

வழியிலுள்ள கோதண்டராமர் ஆலயம் அந்தப் புயலையும் தாங்கி நின்றது. விபீஷணனுக்குப் பட்டாபிஷேகம் நடந்த தலமாகப் போற்றப்படுவது. அதனைப் போகும்போதே தரிசித்துவிடுவது உசிதம். மாலையில் முனையிலிருந்து வாகனங்களைத் திருப்பி அனுப்பிவிடுவதால், திரும்பும் வழியில் பெரும்பாலும் அவசரமே மிஞ்சும்.