நூற்றிருபது வரியும் ஒரு மன்னிப்பும்

2011-ல் கோவையில் ஒரு சின்னக் கம்பெனியில் இருந்தேன். நூற்பாலைகளில் மெஷினுக்குப் பக்கத்தில் மாட்டும் ஒரு பெட்டிதான் எங்கள் சரக்கு. நூல் எத்தனை முறை அறுந்தது, மெஷின் எவ்வளவு நேரம் நின்றது என்று கணக்கெடுத்து ஆபீஸ் சர்வருக்கு அனுப்பும். உள்ளே ஓடுவது லினக்ஸ். முழு லினக்ஸும் அந்தச் சின்னப் பெட்டியில் அடங்காது. வேண்டிய மென்பொருளை மட்டும் பொறுக்கி, அந்தச் சிப்புக்கு ஏற்றபடி கட்டித் தர பில்ட்ரூட் என்று ஒரு இலவச ஏற்பாடு உண்டு. நாங்கள் 2007-ல் எடுத்த பிரதியை வைத்தே காலம் தள்ளிக்கொண்டிருந்தோம்.

ஒவ்வொரு மென்பொருளுக்கும் ஒரு மேக்ஃபைல் எழுத வேண்டும். இறக்கு, பிரி, தயார் செய், கம்பைல் பண்ணு, உரிய இடத்தில் வை என்று எல்லாம் அதில் இருக்கும். ஒரு வேலை முடிந்ததற்கு அடையாளமாக ஒரு வெற்றுக் கோப்பு வேறு. கல்யாணச் சமையல்காரர் ஒவ்வொரு பதார்த்தத்துக்கும் "அடுப்பைப் பற்ற வை, பாத்திரத்தைக் கழுவு" என்று தொடங்கி எழுதினால் எப்படி இருக்கும்? அப்படித்தான். ஒன்றைக் காப்பி எடுத்து, பெயரை மாற்றி, அடுத்ததை எழுதுவேன். ஒன்றிரண்டு இடத்தில் பழைய பெயரே தங்கிப்போய் ராத்திரியெல்லாம் தேடியதும் உண்டு. இருந்தாலும் அந்த அறுபது கோப்புகள் மீது எனக்குக் கொள்ளைப் பெருமை. என்னைத் தவிர யாருக்கும் புரியாது என்பதும் அதில் சேர்த்தி!

அக்கா மகன் கல்யாணத்துக்கு நான் லீவில் போன வாரம், நாற்பது பெட்டி அவசரமாகக் கேட்டார்கள். சேர்ந்து இரண்டு வருஷமான பெண் ஒருத்தி, பழையதையெல்லாம் அழித்துவிட்டு முதலிலிருந்து கட்டி அனுப்பியிருக்கிறாள். ஆறு மில்லில் மாட்டினார்கள். ஒரு பெட்டியிலிருந்தும் ஒரு தகவல்கூட வரவில்லை.

வந்ததும் எல்லார் முன்னாலும் கத்தினேன். "ஏம்மா, ஓடிட்டிருந்ததை எதுக்கு அழிச்சே?"

"நீங்க எழுதுன அதே ஃபைல்தான் சார். நான் ஒண்ணும் மாத்தலை" என்றாள். கண் கலங்கியிருந்தது. நான் விடவில்லை.

இரண்டாம் நாள் அவளே கண்டுபிடித்தாள். தகவலை அனுப்புவது லிப்கர்ல். அதைப் பூட்டி அனுப்ப அதற்கு ஓப்பன்எஸ்எஸ்எல் வேண்டும். இது முதலில் வேண்டும் என்று நான் எங்கேயும் எழுதவில்லை. எங்கள் பிரதி ஆங்கில அகர வரிசையில் கட்டும். 'எல்' முன்னால், 'ஓ' பின்னால். ஓப்பன்எஸ்எஸ்எல் கிடைக்காவிட்டால் அந்தக் காலத்து கர்ல் தகராறு பண்ணாது. பூட்டு இல்லாமலே தன்னைக் கட்டிக்கொண்டு போய்விடும். பூட்டில்லாத தகவலை எங்கள் சர்வர் வாங்காது. என் கம்ப்யூட்டரில் ஓப்பன்எஸ்எஸ்எல் என்றைக்கோ கட்டிக் கிடந்ததால் நாலு வருஷம் இந்தக் குறை தெரியவே இல்லை.

பில்ட்ரூட்டின் புதிய பதிப்பில் பொதுவான வேலைகளையெல்லாம் ஒரே இடத்தில் எழுதி வைத்துவிட்டார்கள். அவள் அந்த முறையில் எழுதிக் காட்டினாள். பதிப்பு எண், எங்கே கிடைக்கும், யார் முன்னால் வர வேண்டும், கடைசியில் அந்தப் பொது விதியை அழைக்க ஒரு வரி. ஓப்பன்எஸ்எஸ்எல் தேர்ந்தெடுத்திருந்தால் "இதோடு கட்டு", இல்லையென்றால் "இது இல்லாமல் கட்டு" என்று வெளிப்படையாக இருந்தது. என்னுடையது நூற்றிருபது வரி. அவளுடையது இருபதுகூட இல்லை. எந்த வரி விடுபட்டாலும் கண்ணில் படும்.

அன்றைக்கு டீ நேரத்தில், கத்தியபோது இருந்தவர்கள் எல்லாரும் இருக்கும்போதே, "தப்பு என்னோடதும்மா" என்றேன். வீட்டில்கூட நான் அதிகம் சொல்லாத வார்த்தை. ஆறு மில்லுக்கும் பென்டிரைவோடு நானே போய்ப் பெட்டிகளைச் சரிசெய்தேன்.

மிச்சத்தை மாற்ற எங்கள் இருவருக்கும் ஒன்றரை மாதம் பிடித்தது. எல்லாம் சுருங்கிவிடவில்லை. சிப் கம்பெனி கொடுத்த ஒரு கோணங்கி நூலகம் எந்த விதிக்கும் அடங்காமல் நீளமாகவே நின்றது. மற்றவற்றில் நான் எழுதியதை நானே அழித்தேன். முதல் பத்து கோப்புக்குத்தான் கை நடுங்கியது.

அடுத்த வருஷம் இன்னும் புதிய பதிப்புக்கு மாறினோம். "சார், கடைசி வரியில இனி பேரு போட வேண்டாம். ஃபோல்டர் பேரிலிருந்தே எடுத்துக்குமாம்" என்று வந்து நின்றாள்.

"ஏனாம்?"

"காப்பி எடுக்கும்போது பழைய பேரு தங்கிடாம இருக்கத்தான் சார்" என்று சொல்லிவிட்டு, சிரிப்பை அடக்கிக்கொண்டு தன் இடத்துக்குப் போய்விட்டாள்.