டார்ம்ஸ்டாட்: கையும் கணணியும் செய்யும் மிருகங்கள்

யேர்மனிக்குப் புதிதாக வந்த எங்கள் குடும்பங்களுக்குச் சனி, ஞாயிறு என்றால் கடைக்குப் போவது, சொந்தக்காரர் வீட்டுக்குப் போவது, மிச்ச நேரம் தொலைக்காட்சி என்று கழிந்துவிடுகிறது. ஒருநாள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு டார்ம்ஸ்டாட்டுக்குப் போய்வாருங்கள் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். பிராங்போர்ட்டிலிருந்து எஸ் 3 புகையிரதத்தில் ஏறினால் முக்கால் மணித்தியாலத்துக்குள் போய்விடலாம். நிலையத்திலிருந்து ட்ராம் எடுத்து லூயிசன்பிளாற்ஸ் சதுக்கத்தில் இறங்குங்கள். அரண்மனைப் பக்கமாகச் சிறிது தூரம் நடந்தால் ஹெசன் மாநில நூதனசாலை.

அங்கே முதலில் பார்க்கவேண்டியது ஒரு பெரிய எலும்புக்கூடு. மஸ்டொடொன் என்ற, அழிந்துபோன மிருகம். யானைக்குத் தூரத்துச் சொந்தம். இது 1801ஆம் ஆண்டு அமெரிக்காவில், நியூயோர்க் மாநிலத்தில் ஒரு விவசாயியின் காணியில் தோண்டி எடுக்கப்பட்டது. எடுத்தவர் சார்ள்ஸ் வில்சன் பீல் என்ற ஓவியர். பிலடெல்பியாவில் சொந்தமாக ஒரு நூதனசாலை வைத்திருந்தவர். அந்த நூதனசாலை நொடித்துப்போன பிறகு 1854இல் எலும்புக்கூடு டார்ம்ஸ்டாட்டுக்கு விற்கப்பட்டது. 2020இல் ஒரு கண்காட்சிக்காக வாஷிங்டன் போய்த் திரும்பியும் வந்திருக்கிறது. எங்களைப்போலவே கடல் கடந்து வந்து இங்கே குடியேறியதுதான்!

தோண்டியபோது எல்லா எலும்பும் கிடைக்கவில்லை. என்ன செய்தார்கள் தெரியுமா? இடப்பக்கத்து எலும்பு இல்லையென்றால் வலப்பக்கத்து எலும்பை அளந்து, அதைத் திருப்பிப்போட்ட மாதிரி மரத்தில் செதுக்கினார்கள். வில்லியம் ரஷ் என்ற மரச்சிற்பி அந்த வேலைக்கு உதவினார். மண்டையின் மேற்பகுதியைக் கடதாசிக்கூழால் செய்து சேர்த்தார்கள். இன்று கணணியில் மிருக உருவம் அமைப்பவர்களும் பாதி உடலைச் செய்துவிட்டு, மறுபாதியைக் கண்ணாடியில் தெரிவதுபோலத் திருப்பி எடுக்கிறார்கள். கருவிதான் வேறு, யோசனை இருநூறு வருடத்துக்கு முந்தியது.

இதே நகரத்தில் அந்தப் புது வேலையும் நடக்கிறது. டார்ம்ஸ்டாட்டின் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தையும் தொழில்நுட்ப உயர்கல்லூரியையும் சேர்ந்த ஆய்வாளர்கள் பூச்சிகளை அளப்பதற்கு ஒரு கருவி செய்து 2018இல் அதன் விபரத்தை வெளியிட்டார்கள். ஊசியில் குத்திய வண்டையோ குளவியையோ இரண்டு மோட்டர்கள் எல்லாப் பக்கமும் திருப்புகின்றன. நிழல் விழாதபடி வெள்ளைக் கிண்ணம் போன்ற கூண்டுக்குள் வெளிச்சம் பரவுகிறது. கமரா முன்னும் பின்னும் நகர்ந்து படம் எடுக்கிறது. சிறு பொருளைக் கிட்டப்போய் எடுத்தால் ஒரு படத்தில் முழுவதும் தெளிவாக விழாது அல்லவா? அதனால் பல படங்களைச் சேர்த்து ஒரு தெளிவான படம். அப்படிப் பல கோணங்களின் படங்களைச் சேர்த்துக் கணணிக்குள் நிறத்தோடு ஒரு முழு வண்டு!

உருவம் கணணிக்குள் இருந்தால் போதாது, கைக்கு வரவேண்டும். அதற்கும் இந்த ஊரில் ஆட்கள் உண்டு. 1987இல் தொடங்கிய பிரவுன்ஹோபர் கணணி வரைகலை நிலையம் முப்பரிமாண அச்சு இயந்திரங்களை இயக்க ஒரு மென்பொருள் செய்திருக்கிறது. பெயர் கட்டில்பிஷ். அதாவது நாங்கள் கறி சமைக்கிற கணவாய்! உயிரோடு இருக்கும் கணவாய் தோலின் நிறத்தை நினைத்தபடி மாற்றும். இந்த மென்பொருளும் எந்தத் துளிப் பிசின் எந்த இடத்தில் எந்த நிறத்தில் விழவேண்டும் என்று தீர்மானிக்கிறது. 2019இல் வந்த மிசிங் லிங்க் என்ற பொம்மைப் படத்துக்கு ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட முகங்களை இதைக்கொண்டு அச்சடித்தார்கள். மயிர் அடர்ந்த ஒரு காட்டுப் பிராணிதான் அதில் கதாநாயகன். ஒவ்வொரு முகபாவத்துக்கும் ஒரு முகம்.

இந்த இடங்களுக்குள் நாங்கள் நினைத்தவுடன் போய்ப் பார்க்க முடியாது. ஆனால் வேலையின் சூட்சுமம் எனக்குப் புதிதில்லை. நான் பள்ளிக்கூடத்தோடு படிப்பை விட்டவன். பிளாஸ்டிக் பாகங்கள் வார்க்கும் தொழிற்சாலையில் நிற்கிறேன். எங்கள் அச்சுகளைக் கணணி இயக்கும் கடைசல் இயந்திரங்கள் உலோகத்தில் குடைகின்றன. அவை கட்டியிலிருந்து கழித்துச் செய்பவை. ஆட்டின் வளைந்த கொம்புக்கு உட்புறம், காதுக்குள் இருக்கும் குழி போன்ற இடங்களுக்கு வெட்டும் அலகு எட்டாது. முப்பரிமாண அச்சு அப்படியில்லை. படைமேல் படையாகக் கூட்டிச் செய்வது. அதற்கும் ஒரு தொல்லை உண்டு. நாலுகால் மிருகம் என்றால் வயிறு அந்தரத்தில் தொடங்கவேண்டும். கீழே முட்டுக் கொடுக்காவிட்டால் தொய்ந்துவிடும். பிறகு முட்டை உடைத்து, தழும்பைத் தேய்த்து எடுப்பது மனிதக் கைதான்.

இதைப் படிக்கும்போது உங்களுக்கு ஊர்க் கோயில் வாகனங்கள் ஞாபகம் வருகின்றனவா? குதிரை, இடபம், சிங்கம், மயில். முன்னங்காலைத் தூக்கி நிற்கும் குதிரையின் பாரம் எங்கே இறங்கவேண்டும் என்பது அதைச் செதுக்கிய ஆசாரிக்குக் கணணி இல்லாமலே தெரியும். 2002இல் கும்பாபிஷேகம் கண்ட ஹாம் காமாட்சி அம்பாள் ஆலயத்துக்குப் போகிறவர்கள் தேரிலும் வாகனங்களிலும் உள்ள உருவங்களைக் கொஞ்சம் நின்று பாருங்கள். அளவும் பாரமும் தெரிந்த கை செய்த வேலை அது. டார்ம்ஸ்டாட்டில் கணணிக்கு முன்னால் இருப்பவருக்கும் அந்த அறிவுதான் வேண்டும்.

நான் சொல்ல வந்த விஷயம் இதுதான். ஹெசனில் பிள்ளை நாலாம் வகுப்பு முடிக்கும்போதே அடுத்து எந்தப் பாடசாலை என்று தீர்மானிக்கவேண்டி வருகிறது. டொக்டர், எஞ்சினியர் தவிர வேறு வழி இல்லை என்று எங்களில் பலர் பயப்படுகிறோம். களிமண்ணைக் கண்டால் விடாத பிள்ளை, பழைய ரேடியோவைக் கழற்றிப் பூட்டும் பிள்ளை எங்கள் வீடுகளில் உண்டு. இந்த நாட்டில் மாதிரியுரு செய்யும் தொழிலுக்கு மூன்றரை வருடப் பயிற்சி இருக்கிறது. மரச்சிற்பத் தொழிலுக்கு மூன்று வருடம். இரண்டுமே அரசு அங்கீகரித்த தொழில்கள். பல்கலைக்கழகம் போகாமலே படிக்கலாம். மாதிரியுருத் தொழிலில் உளியும் கணணியும் இரண்டும் பழக்குகிறார்கள். பிள்ளையின் கையில் இருப்பதைக் கெட்டித்தனம் இல்லை என்று தள்ளிவிடாதீர்கள்.

நூதனசாலை திங்கட்கிழமைகளில் மூடியிருக்கும். போகும்போது ஒரு பென்சிலும் கொப்பியும் கொண்டுபோங்கள். மஸ்டொடொனின் ஒரு பக்கத்தைப் பார்த்துப் பிள்ளை கீறட்டும். பிறகு பார்க்காமல் மறுபக்கத்தையும் கீறச் சொல்லுங்கள். யார் வீட்டில் ஒரு சிற்பி இருக்கிறார் என்று தெரிந்துவிடும்.