தூத்துக்குடியில இல்லாத அலை மணப்பாட்டுக்கு எங்கிருந்து வருது?

கொஞ்சம் நீண்ட இழை. திருச்செந்தூர், தூத்துக்குடி பக்கம் குடும்பத்தோட கடலுக்குப் போறவங்க கடைசி வரைக்கும் படிச்சிடுங்க.

விருதுநகர் மாவட்டத்துல, வெம்பக்கோட்டை வட்டாரத்துல அரசு மருத்துவரா வேலை பார்க்கிறேன். பட்டாசுத் தீக்காயம், பாம்புக்கடி, சர்க்கரை, பிரஷர். இதுதான் எங்க தினசரி. இதுக்கு நடுவுல எனக்கு ஒரு பைத்தியம் உண்டு. சர்ஃபிங். பலகை மேல ஏறி நின்னு அலையில சறுக்கிட்டு வர்ற விளையாட்டு. சென்னையில இருந்தப்போ கோவளத்து மீனவத் தம்பிங்ககிட்ட கத்துக்கிட்டது.

மாறுதல்ல இங்க வந்தப்போ ஃபார்மசிஸ்ட் அண்ணன் கேட்டார்: "கந்தக பூமியில எங்க சார் போய் அலை தேடுவீங்க?"

நியாயமான கேள்வி. நமக்குப் பக்கத்துக் கடல்னா தூத்துக்குடி. ஏறக்குறைய 100 கி.மீ. ஆனா முத்துநகர் கடற்கரையில போய் நின்னு பாருங்க. பெரும்பாலான நாள்ல கண்மாய்த் தண்ணி மாதிரி இருக்கும். சின்னப் பிள்ளைங்க கால் நனைச்சு விளையாடலாம். பலகை போட்டா அது பாட்டுக்கு மிதக்கும், அவ்வளவுதான்.

ஏன் அங்க அலை இல்லை? இந்தக் கேள்விக்குப் பதில் தெரிஞ்சா, அலை எங்க இருக்கும்னும் தெரிஞ்சிடும். எங்க உயிர் போகும்னும் தெரிஞ்சிடும். இந்தப் பதிவே அதுக்குத்தான்.

முதல்ல ஒரு அடிப்படை. பெரிய அலை எல்லாம் நம்ம கரையில உருவாகுறது இல்லை. இந்தியப் பெருங்கடலுக்குத் தெற்கே, அண்டார்டிகாவுக்கு மேல இருக்கிற கடல்ல வருஷம் பூரா புயல்காற்று வீசுது. அங்க எழும்புற அலை ஆறாயிரம் கிலோமீட்டருக்கு மேல பயணம் பண்ணி, ஏறக்குறைய ஒரு வாரம் கழிச்சு நம்ம கரைக்கு வருது. வர்ற வழியில குட்டி அலைகள் எல்லாம் செத்துப்போகும். நீளமான, இடைவெளி அதிகமான அலைகள் மட்டும் வந்து சேரும். அதனாலதான் இங்க வெயில் அடிச்சிட்டு இருக்கும்போது, காத்தே இல்லாதபோதும் கடல் கொந்தளிக்கும்.

இந்த அலை தூத்துக்குடிக்கு முழுசா வராம இருக்க மூணு சுவர் இருக்கு.

முதல் சுவர், இலங்கை. கிழக்கே, தென்கிழக்கே இருந்து வர்ற அலையை அந்தத் தீவு தடுத்துடுது. வங்காள விரிகுடா அலை மன்னார் வளைகுடாவுக்குள்ள நேரா நுழைய முடியாது.

இரண்டாவது சுவர், நம்ம கரையோட வடிவம். வரைபடத்தை எடுத்துப் பாருங்க. கன்னியாகுமரியில இருந்து கரை வடகிழக்கா ஏறி வரும். மணப்பாட்டுல ஒரு முனை கடலுக்குள்ள நீட்டிக்கிட்டு இருக்கும். அதைத் தாண்டினதும் கரை வடக்கே திரும்பிடும். தென்மேற்குல இருந்து வர்ற அலை அந்த முனையில மோதி, வளைஞ்சு, மெலிஞ்சுதான் வடக்கே போகணும்.

மூணாவது சுவர், தீவுகளும் பவளப்பாறைகளும். ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் நடுவுல 21 தீவுகள். 1986-ல இதைக் கடல்சார் தேசியப் பூங்காவா அறிவிச்சாங்க. அலையோட வேகத்தை அந்தப் பாறைகள் கரைக்கு முன்னாடியே உடைச்சிடும். தூத்துக்குடி துறைமுகத்துல மனுஷன் கட்டின கல் அலைதடுப்புகளும் ஒவ்வொண்ணும் ஏறக்குறைய 4 கி.மீ. நீளத்துக்கு நிக்குது.

இந்தச் சுவர்கள் எவ்வளவு வேலை செய்யும்னு 2004 சுனாமி காட்டுச்சு. நாகப்பட்டினத்துல ஆயிரக்கணக்கான உயிர் போச்சு. இலங்கையின் நிழல்ல இருந்த தூத்துக்குடி மாவட்டத்துல உயிரிழப்பு மிகக் குறைவு. ஆனா அதே அலை இலங்கையைச் சுத்தி வளைஞ்சு போய், மேற்குக் கரையில இருக்கிற குளச்சல்ல நூற்றுக்கணக்கானவங்களைக் கொன்னுச்சு. சுவருக்குப் பின்னாடி இருந்தா தப்பிக்கலாம். ஆனா சுவர் எங்க முடியுதுன்னு தெரிஞ்சிருக்கணும்.

நம்ம ஊருக்கும் இந்த அமைதியான கடலுக்கும் பழைய உறவு இருக்குங்க. வெம்பக்கோட்டையைத் தொட்டுட்டு ஓடுற வைப்பாறு கடைசியில கலக்கிறது இந்த மன்னார் வளைகுடாவுலதான். 2022-ல விஜயகரிசல்குளத்துல அகழாய்வு ஆரம்பிச்சாங்களே, அங்க சங்கு வளையல்கள் ஏராளமா கிடைச்சது. சங்குக்கும் முத்துக்கும் பேர் போன கடல் இது. மூச்சடக்கி மூழ்கி எடுக்கிற தொழில் அது. அலை அடங்கின கடல் அந்தத் தொழிலுக்குக் கொடுப்பினை.

சரி, அலைக்கு வருவோம்.

சுவரால அலை நிக்குதுன்னா, சுவர் முடியுற இடத்துல அலை இருக்கணும் இல்லையா? இருக்கு. மணப்பாடு.

திருச்செந்தூர்ல இருந்து தெற்கே 20 கி.மீ.க்குள்ள. கடலுக்குள்ள நீட்டின மணல்மேட்டு முனை, உச்சியில 1581-ல கட்டின திருச்சிலுவை ஆலயம். பிரான்சிஸ் சவேரியார் 1542-ல வந்து இறங்கின கரைன்னு ஊர்க்காரங்க பெருமையா சொல்வாங்க. சர்ஃபிங் ஆட்களுக்கு வேற காரணத்துக்காக அந்த முனை முக்கியம். தெற்கே இருந்து வர்ற அலை அங்க முனையைச் சுத்தி வளைஞ்சு, ஒரே நேரத்துல மொத்தமா உடையாம, ஒரு ஓரத்துல ஆரம்பிச்சு வரிசையா உடைஞ்சுக்கிட்டே வரும். பலகையில சறுக்க அந்த மாதிரி அலைதான் வேணும். இலங்கையில பொத்துவில் பக்கத்துல அறுகம் குடாவுக்கு உலகம் பூராவும் இருந்து ஆள் வர்றதும் இதே மாதிரி ஒரு முனைக்காகத்தான்.

வைகாசி, ஆனி, ஆடி மாசங்கள்ல தெற்கே இருந்து அலை வரத்து அதிகம். அப்போ கச்சான் காத்து கரையில இருந்து கடல் பக்கமா அடிக்கும். அது அலையோட முகத்தை நிமிர்த்தி நிறுத்தும். விளையாடுறவனுக்கு அது வரம். காத்தடிச்ச ட்யூபைப் பிடிச்சிட்டு மிதக்கிறவனுக்கு அதே காத்து எமன். கரையை விட்டு இழுத்துட்டுப் போயிடும்.

முதல் தடவை போனப்போ, வலை பிரிச்சிட்டு இருந்த ஒரு பெரியவர்கிட்ட விசாரிச்சேன். "அண்ணாச்சி, இன்னைக்கு இறங்கலாமா?" அவர் வலையை விட்டுக் கண்ணை எடுக்கல. "அரை மணி நேரம் உக்காந்து பாருங்க தம்பி. அப்புறம் நீங்களே சொல்லுவீங்க."

அந்த அரை மணி நேரத்துல என்ன பார்க்கணும்? நாடி பிடிக்கிற மாதிரிதான்.

கடிகாரத்தைப் பாருங்க. ஒரு நிமிஷத்துல எத்தனை அலை உடையுதுன்னு எண்ணுங்க. 10, 12ன்னு வந்தா அது பக்கத்துல அடிக்கிற காத்து கிளப்பின சில்லறை அலை. 4, 5ன்னு வந்தா அது தூரத்துப் பயணி. பார்க்கச் சின்னதா தெரிஞ்சாலும் அதுக்குள்ள இருக்கிற தண்ணி ரொம்ப ஜாஸ்தி. 14 விநாடிக்கு ஒண்ணுன்னு வர்ற அலையோட நீளம் ஆழ்கடல்ல சுமார் 300 மீட்டர். மூணு கால்பந்து மைதானம் அளவுக்கு. அது கரையில ஏறும்போது நிக்கவே நிக்காது, ஏறிக்கிட்டே இருக்கும்.

ஒரு நிமிஷம் போதாது. பெரிய அலைகள் கூட்டமா வரும். நாலஞ்சு பெரிய அலை, அப்புறம் பல நிமிஷம் அமைதி. அமைதியான நேரத்துல வந்து பார்க்கிறவங்க "கடல் இன்னைக்கு நல்லாத்தான் இருக்கு"ன்னு இறங்குவாங்க. அண்ணாச்சி அரை மணி நேரம்னு சொன்னதோட அர்த்தம் இதுதான்.

அடுத்து, எங்க அலை உடையலைன்னு பாருங்க. ரெண்டு பக்கமும் வெள்ளை நுரையா அலை உடையும். நடுவுல ஒரு இடம் மட்டும் அமைதியா, கொஞ்சம் கருப்பா, கலங்கலா தெரியும். குடும்பத்தோட வர்றவங்க நேரா அங்கதான் பிள்ளைங்களைக் கூட்டிட்டுப் போவாங்க. "இங்க அலையே இல்லை, இங்க குளிங்க"ம்பாங்க.

தயவுசெஞ்சு வேண்டாம். கரையில ஏறின தண்ணி திரும்பக் கடலுக்குப் போற வாய்க்கால் அது. அங்க ஆழம் அதிகம், அதனாலதான் அலை உடையல. சர்ஃபிங் பண்றவங்க கை வலிக்காம உள்ள போக அந்த இழுப்பைத்தான் லிஃப்ட் மாதிரி பயன்படுத்துவோம். பலகையும், காலோட பலகையைக் கட்டின கயிறும், பயிற்சியும் இருக்கிறவனுக்கு அது லிஃப்ட். சேலை கட்டிக்கிட்டு முழங்கால் தண்ணியில நிக்கிற அக்காவுக்கு?

இதை நான் இவ்வளவு நீட்டி எழுத ஒரு காரணம் உண்டு.

2024 மே 6. கன்னியாகுமரி மாவட்டம், கணபதிபுரம் பக்கத்துல லெமூர் கடற்கரை. ஒரு கல்யாணத்துக்காக வந்திருந்த மருத்துவ மாணவர்கள் கடல்ல இறங்கினாங்க. அஞ்சு பேர் திரும்பல. அந்த நாட்கள்ல கள்ளக்கடல் எச்சரிக்கை நடப்புல இருந்துச்சு. கேரள மீனவர்கள் வெச்ச பேர் அது. புயல் இல்லாம, மழை இல்லாம, திருடன் மாதிரி வர்ற கடல். 2012-ல யுனெஸ்கோவே அந்தப் பேரை ஏத்துக்கிட்டது. நான் மேல சொன்ன அதே தெற்குக் கடல் அலைதான்.

டாக்டராகப் போற பிள்ளைங்க. மூச்சு நின்னா என்ன செய்யணும்னு படிச்சவங்க. கடல் எப்படி மூச்சு விடும்னு யாரும் அவங்களுக்குச் சொல்லிக் கொடுக்கல. நமக்கும் யாரும் சொல்லிக் கொடுக்கல. கண்மாயும் கிணறும் பார்த்து வளர்ந்த கரிசக்காட்டு ஜனங்க நாம. தீபாவளி முடிஞ்சு பட்டாசு ஆலைக்கு லீவு விட்டதும் வேனைப் பிடிச்சு கந்தசஷ்டிக்குத் திருச்செந்தூர் போறோம். தூத்துக்குடியில பார்த்த கடல்தானே இதுவும்னு இறங்குறோம். கடல் ஒண்ணுதான். சுவர் வேற.

அதனால கடலுக்குப் போகும்போது இதையெல்லாம் மனசுல வெச்சுக்கோங்க:

1. கிளம்புறதுக்கு முன்னாடி ஐதராபாத்துல இருக்கிற இன்காய்ஸ் நிறுவனத்தோட எச்சரிக்கையைப் பாருங்க. மத்திய அரசு நிறுவனம். உயர் அலை, கள்ளக்கடல் எச்சரிக்கை எல்லாம் அவங்கதான் கொடுக்கிறாங்க. எச்சரிக்கை இருந்தா கால் நனைக்கிறது கூட வேண்டாம்.

2. உள்ளூர் மீனவர் வேண்டாம்னா வேண்டாம். அதுக்கு மேல அப்பீல் கிடையாது.

3. ஒரு மீட்டர் அலை ஏறக்குறைய நெஞ்சளவு தண்ணியிலதான் உடையும். அதாவது நீங்க நிக்கிற இடத்துல, உங்க மேலதான் உடையும். பிள்ளைங்களுக்கு முழங்காலுக்கு மேல தண்ணி வேண்டாம், அதுவும் கையைப் பிடிச்சிட்டு. குடிச்சிருந்தா பெரியவங்களும் இறங்காதீங்க.

4. இழுப்புல மாட்டினா கரையைப் பார்த்து எதிர்நீச்சல் போடாதீங்க. சோர்ந்துதான் போவீங்க. மல்லாந்து மிதங்க. கையைத் தூக்கிக் காட்டுங்க. தெம்பு இருந்தா கரைக்கு இணையா, பக்கவாட்டுல நீந்துங்க. இழுப்பு குறுகலான வாய்க்கால்தான், ஓரத்துக்கு வந்துட்டா விட்டுடும்.

5. ஒருத்தரைக் காப்பாத்த அடுத்தவர் குதிக்காதீங்க. கயிறு, காலி கேன், முடிச்சுப் போட்ட வேட்டி, மிதக்கிற எதையாவது வீசுங்க. ஒரே குடும்பத்துல ரெண்டு மூணு பேர் போறது இப்படித்தான்.

6. கரைக்குத் தூக்கிட்டு வந்ததும் வயித்தை அமுக்காதீங்க. தலைகீழா தொங்கவிடாதீங்க, சுத்தாதீங்க. வாந்தி நுரையீரலுக்குப் போய் நிலைமை மோசமாகும். பேச்சு மூச்சு இல்லைன்னா 108-க்கு ஒருத்தரைப் போன் பண்ணச் சொல்லிட்டு, முதல்ல வாயோட வாய் வெச்சு 2 முதல் 5 தடவை மூச்சுக் கொடுங்க. அப்புறம் நடு நெஞ்சுல 30 அழுத்தம், 2 மூச்சு, திரும்ப 30, 2. ஆம்புலன்ஸ் வர்ற வரைக்கும் நிறுத்தாதீங்க. தண்ணியில மூழ்கினவங்களுக்கு முதல்ல தீர்ந்து போறது ஆக்ஸிஜன். அதனாலதான் மூச்சு முதல்ல.

7. தப்பிச்சவர் எழுந்து உக்காந்து பேசினாலும், இருமலோ மூச்சுத்திணறலோ இருந்தா பக்கத்து அரசு மருத்துவமனைக்குக் கூட்டிட்டுப் போங்க. சில மணி நேரம் கண்காணிப்புல இருக்கணும்.

சர்ஃபிங் கத்துக்க ஆசைப்படுற தம்பி, தங்கைகளுக்கு: ஆசை நல்ல ஆசை. முதல்ல நீச்சல். அப்புறம் கோவளம், மாமல்லபுரம் பக்கம் இருக்கிற பயிற்சிப் பள்ளிகள்ல முறையா கத்துக்கோங்க. மணப்பாட்டு முனையில பாறை இருக்கு, படகுப் போக்குவரத்து இருக்கு. பழகுறதுக்கான இடம் அது இல்லை. பழகின பிறகு போங்க, ஆள் துணையோட போங்க.

நான் அங்க போற நாள்ல பாதி நாள் தண்ணியில இறங்காமத்தான் திரும்பி வர்றேன். அரை மணி நேரம் உக்காந்து பார்த்தா சில நாள் கடலே "இன்னைக்கு வேண்டாம்"னு சொல்லிடும். மணப்பாட்டுல சூடா ஒரு டீயைக் குடிச்சிட்டு, திருச்செந்தூர்ல சாமியைக் கும்பிட்டுட்டு, திங்கட்கிழமை காலையில ஓபிக்கு வந்துடலாம்.

உங்க வீட்டு வாட்ஸ்அப் குழுவுல, முக்கியமா சஷ்டிக்கு வேன் ஏற்பாடு பண்ற அண்ணன் இருக்கிற குழுவுல, இதைப் பகிருங்க.