கல்லும் ரத்தமும்

எங்கள் பக்கத்தில் ஈரல் கெட்டுச் செத்தவனைக் குடிகாரன் என்று சொல்லிவிடுவது வழக்கம். பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் இடையில், குன்னத்துப் பக்கம், மக்காச்சோளமும் சின்ன வெங்காயமும் பயிரிட்டு வாழ்ந்த என் அண்ணன் ஒரு சொட்டுச் சாராயத்தைத் தொட்டவரில்லை. காமாலை என்று கீழாநெல்லி அரைத்துக் குடித்தார். திருச்சிக்குக் கொண்டுபோனபோது கட்டி எலுமிச்சை அளவைத் தாண்டியிருந்தது. மூன்றே மாதம். ஊர் தன் தீர்ப்பை மாற்றிக்கொள்ளவில்லை. அவர் ரத்தத்தில் இருந்தது ஹெபடைட்டிஸ் பி வைரஸ். அம்மாவிடமிருந்து பிறக்கும்போதே வந்திருக்கலாம், அவளுக்கே தெரிந்திராது. எனக்கும் இருக்கிறது.

கீழாநெல்லியைப் பற்றி ஒரு வார்த்தை. சென்னைப் பல்கலைக்கழகத்தில் தியாகராஜனும், இந்த வைரஸின் அடையாளத்தை முதலில் கண்ட பிளம்பெர்க்கும் சேர்ந்து எழுதிய கட்டுரை 1988-இல் லான்செட்டில் வந்தது. மருந்து சாப்பிட்ட 37 பேரில் 22 பேருக்கு ரத்தத்தில் அந்த அடையாளம் மறைந்தது. வெறும் மாத்திரை தின்ற 23 பேரில் ஒருவருக்கு. பிறகு தாய்லாந்தில் செய்து பார்த்தார்கள், நிற்கவில்லை. 1990-இல் அதையும் அதே லான்செட் வெளியிட்டது. மரபின் மகத்துவம் என்று கொடி பிடிப்பவர்களுக்கும், மூடநம்பிக்கை என்று கைகழுவுபவர்களுக்கும் இதில் இடமில்லை. இந்த நேர்மை நம் இலக்கிய விமர்சனத்துக்கும் வந்தால் தேவலை.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை எனக்கு ஸ்கேன். கூடவே ஆல்பா ஃபீட்டோபுரோட்டீன் என்ற ரத்தப் பரிசோதனை. கருவிலிருக்கும் சிசுவின் ஈரல் செய்கிற புரதம் அது, பிறந்தபின் அடங்கிவிடும். ஈரல் கட்டியுள்ள எலிகளின் ரத்தத்தில் அது மறுபடி தலைகாட்டுவதை 1963-இல் மாஸ்கோவில் ஆபெலெவ் கண்டார். கிழட்டு உறுப்பு கர்ப்பவாசத்தை நினைத்துக்கொள்கிறது என்று கவிதை பண்ணலாம். நான் பண்ணமாட்டேன். பல சிறு கட்டிகள் அந்த எண்ணை உயர்த்தாமலே வளர்ந்துவிடுகின்றன.

அரியலூர்க்காரன் கல்லோடு பழகியவன். சிமெண்டுக்குத் தோண்டிய சுண்ணாம்புக் குழிகளில் கடல்சிப்பி பொறுக்கியிருக்கிறோம். சாத்தனூரில் 18 மீட்டர் நீள மரம் சுமார் 12 கோடி ஆண்டுகளாகக் கல்லாகிக் கிடக்கிறது. கல் சொல்வதெல்லாம் நடந்து முடிந்தது. ஸ்கேனில் தெரிகிற கட்டியும் எனக்கு அப்படித்தான் படுகிறது. ஆர்.என்.ஏ. அந்த ஜாதியில்லை. மரபணுவின் கட்டளையைச் சுமந்துபோய்க் கரைந்துவிடுகிற நகல் என்றுதான் படித்திருந்தோம். 1993-இல் ஆம்ப்ரோஸும் ரவ்குனும் ஒரு சிறு புழுவை ஆராய்ந்து, எந்தப் புரதத்தையும் செய்யாமல் பிற கட்டளைகளை அடக்கிவைக்கிற துணுக்கு ஒன்றைப் பற்றி எழுதினார்கள். சுமார் 22 எழுத்து நீளம். நோபல் பரிசு 2024-இல்தான் வந்தது. இப்படிப்பட்ட மைக்ரோ ஆர்.என்.ஏ.க்கள் கொழுப்புறைக்குள் ஒளிந்தும் புரதத்தைப் பற்றிக்கொண்டும் சிதையாமல் ரத்தத்தில் மிதக்கின்றன என்பது பின்னால் தெரிந்தது. 122 என்று எண்ணிட்டது ஈரலில் ஏராளம். ஆனால் சாதாரண ஈரல் அழற்சியிலும் அது ரத்தத்தில் ஏறும். தனியாக அதை நம்ப முடியாது. 2011-இல் ஷாங்காய் மருத்துவர்கள் அதையும் சேர்த்து ஏழு துணுக்குகளின் ஏற்ற இறக்கத்தை ஒன்றாக வைத்துப் படித்தார்கள். தொடக்க நிலைக் கட்டிகளும் அகப்பட்டன. தனிச்சொல்லில் இல்லாத அர்த்தம் வாக்கியத்தில் வருகிற மாதிரி.

நான் படிக்கப்படக் காத்திருக்கிறேன். அண்ணன் மகன் இன்னும் முதல் பரிசோதனையே செய்துகொள்ளவில்லை. ஒரு சொட்டு ரத்தம் போதும். அவனுக்குப் பெண் பார்க்கிறார்கள். "இப்ப வேணாம் சித்தப்பா. சேதி வெளியே போனா எவன் பொண்ணு குடுப்பான்? அப்பாவை ஊர் சொன்னது போதாதா?" வரப்போகிறவளுக்கு மூன்று தடுப்பூசி போட்டால் போயிற்று, 2011-க்குப் பிறகு நாடு முழுக்கப் பிறக்கிற குழந்தைகளுக்கே போடுகிறார்கள் என்று சொல்லிப் பார்த்தேன். குன்னம் கடைத்தெரு, சாயங்காலம்; நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள், அவன் பேச்சை மாற்றினான். அரியலூரில் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. தை பிறந்ததும் அங்கே கூட்டிப்போகலாம் என்றிருக்கிறேன். வருகிறேன் என்று அவன் சொல்லவில்லை.